உங்கள் சுபாவத்துக்கு ஏற்றபடி படிப்பது எப்படி? குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே பயிற்சி மையம், ஒரே சமச்சீர் புத்தகம், ஒரே மாதிரித் தேர்வு. ஆனாலும் ஒருவருக்கு ஒரு வருடத்தில் பாடம் கைவசமாகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் அதே அளவு நேரம் உட்கார்ந்தும் போன முறை வாங்கிய மதிப்பெண்ணையே திரும்பவும் வாங்குகிறார். "அவனுக்கு மூளை அப்படி" என்று ஊர் சொல்லிவிடும். பக்கத்தில் இருந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். இரண்டாமவர் யாரோ ஒரு முதலிடக்காரர் பேட்டியில் சொன்ன டைம்டேபிளை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். அது அந்த முதலிடக்காரரின் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்றவருக்குத் தோளில் பிடிக்கும்.

பல வருடமாகப் போட்டித் தேர்வுக்காரர்களோடு உட்கார்ந்து பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பாடம் மனதில் தங்கும் வழி எல்லோருக்கும் ஒன்றே. அந்த வழியில் யார் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதுதான் சுபாவத்துக்குச் சுபாவம் மாறுகிறது. ஒருவர் ஆரம்பிக்கவே மாட்டார். ஒருவர் ஆரம்பித்துவிட்டு நோட்ஸ் அலங்காரத்தில் நின்றுவிடுவார். ஒருவர் எல்லாம் படித்துவிட்டுத் தேர்வு அறையில் உறைந்துபோவார். இந்த மூவருக்கும் "நன்றாக உழை" என்ற ஒரே அறிவுரையைச் சொல்வதில் பயன் இல்லை.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வை வைத்தே இதை எழுதுகிறேன். பல லட்சம் பேர் எழுதும் தேர்வு, பெரும்பாலோர் தனியாகவே படிக்கிறார்கள். 3 மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பீட்டுக்கே போகாது. வேறு தேர்வுக்குப் படிக்கிறவர்களும் கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டு இதே படிகளைப் பின்பற்றலாம்.

படி 1: முத்திரைகளைக் கழற்றி வையுங்கள்

"நான் ஐ.என்.எஃப்.ஜே. வகை, எனக்கு இப்படித்தான் படிக்க வரும்" என்று சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள். மனிதர்களை நான்கு ஆங்கில எழுத்துகளால் 16 வகையாகப் பிரிக்கும் அந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் கேதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற இரு அமெரிக்கப் பெண்கள். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாடுதான் அதற்கு அடிப்படை. அதன் பெரிய குறை, நடுவில் இருப்பவரையும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுவது. கொஞ்சம் அமைதி, கொஞ்சம் கலகலப்பு என்று இருக்கும் ஆளுக்கு இந்த வாரம் ஒரு எழுத்து வரும், அடுத்த மாதம் வேறு எழுத்து வரும். அதை நம்பி ஒரு வருடப் படிப்பைத் திட்டமிட முடியாது.

"நான் கண்ணால் பார்த்தால்தான் படிப்பேன், நீ காதால் கேட்டால்தான் படிப்பாய்" என்ற பிரிவு இதைவிடப் பிரபலம். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் இதை 'வார்க்' என்ற கேள்வித்தாளாக்கினார். பார்ப்பது, கேட்பது, வாசித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்கு வகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெரால்ட் பாஷ்லர் தலைமையில் நான்கு உளவியலாளர்கள் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த வகையில் பாடம் கேட்டால் அதிகம் கற்கிறார் என்பதற்குத் தக்க ஆதாரம் ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. பிடித்த முறையில் படிப்பது சுகமாக இருக்கும், அவ்வளவுதான். "நான் கேட்டுப் படிக்கிற வகை" என்று சொல்லிக்கொண்டு திறனறிவுக் கணக்கை வீடியோவில் கேட்டுக்கொண்டே இருந்தால் கணக்கு வராது. பேனா எடுத்தாக வேண்டும்.

உளவியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொள்வது ஐந்து குணங்களை அளக்கும் முறை. ஆங்கிலத்தில் பிக் ஃபைவ் என்பார்கள். ஒழுங்குணர்வு, கலகலப்பு, இணக்கம், புதுமை நாட்டம், பதற்றம். இந்த ஐந்தும் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் கூடும் குறையும். ஆர்தர் போரோபட் 2009-இல் 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மதிப்பெண்ணோடு உறுதியான தொடர்பு காட்டியது ஒழுங்குணர்வு. கலகலப்பாக இருப்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படி சம்பந்தம் இல்லை. அமைதியான பிள்ளைதான் படிக்கும் என்று நம்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 2: ஒரு வாரம் உங்களை நீங்களே வேவு பாருங்கள்

இணையத்தில் கேள்வித்தாள் நிரப்ப வேண்டாம். ஒரு வாரம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறை படிக்க உட்காரும்போதும் நான்கு விஷயத்தை நான்கு பத்தியாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு உட்காருவதாக இருந்தேன், எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன். எதற்காக எழுந்தேன். என்ன செய்தேன் (வாசித்தேன், எழுதினேன், வீடியோ பார்த்தேன், கேள்விக்குப் பதில் போட்டேன்). எழுந்தபோது மனம் எப்படி இருந்தது.

அந்த வாரம் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள். எப்போதும் போல் இருங்கள், உண்மையை எழுதுங்கள்.

ஏழாம் நாள் நோட்டைப் படித்தால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். முதல் பத்தியில் "6 மணி, 7.20" என்பது போன்ற இடைவெளிகளே நிறைய இருந்தால் உங்கள் சிக்கல் ஆரம்பிப்பதில். ஆரம்பம் சரியாக இருந்து மூன்றாவது பத்தியில் "நோட்ஸ் எடுத்தேன், வாசித்தேன்" மட்டுமே இருந்து "கேள்வி" என்ற சொல்லே வராவிட்டால், ஒழுங்கு இருக்கிறது, அது தவறான வேலைக்குப் போகிறது. "அம்மா கூப்பிட்டார், தங்கைக்குப் பாடம் சொன்னேன், மாமா கடைக்கு அனுப்பினார்" என்று நிரம்பியிருந்தால் இணக்கம் அதிகம். "ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தேடிப் போனேன்" என்றால் புதுமை நாட்டம். கடைசிப் பத்தியில் "பயம், இன்னும் எவ்வளவோ இருக்கிறது, எனக்கு வராது" என்பதே ஓடினால் பதற்றம்.

பெரும்பாலோருக்கு இரண்டு விஷயம் சேர்ந்தே இருக்கும். அதிகம் நேரம் தின்பதை மட்டும் முதலில் எடுங்கள்.

படி 3: எந்தச் சுபாவமானாலும் மாறாத அடித்தளம்

சுபாவத்துக்குப் போகும் முன் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் மற்றவை எல்லாம் வீண்.

முதலாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பத்தியை ஒரு குழு இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. வாசித்தவர்களுக்குத்தான் வெற்றி. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். படித்த அன்று இரவு "எல்லாம் தெரிகிறது" என்று தோன்றுவதும் தேர்வு அறையில் கைவிடுவதும் இதனால்தான்.

இரண்டாவது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தன்னையே சோதித்து, மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டினார். படித்ததை மறுநாள், பிறகு நான்காம் நாள், பிறகு இரண்டு வாரம் கழித்து என்று பார்க்கலாம். நாட்கள் கொஞ்சம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

மூன்றாவது, கலந்து பயிற்சி செய்வது. இதை ஒரு பாடத்தை வைத்தே பார்ப்போம்.

தொகைநிலைத் தொடர் ஆறு வகை. வழக்கமாக எப்படிப் படிக்கிறோம்? வினைத்தொகை என்று தலைப்பு, கீழே ஊறுகாய், சுடுசோறு, கொல்களிறு. அப்புறம் பண்புத்தொகை, கீழே செங்காந்தள், வட்டத்தொட்டி. உவமைத்தொகைக்கு மலர்க்கை. உம்மைத்தொகைக்கு அண்ணன் தம்பி. ஒவ்வொரு தலைப்பின் கீழும் உதாரணத்தைப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் விடை தலைப்பிலேயே இருக்கிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. "கருங்குவளை" என்று மட்டும் கேட்பார்கள். ஆகவே வேறு மாதிரி செய்யுங்கள். புத்தகத்தில் உள்ள உதாரணங்களை எல்லாம் துண்டுத் தாளில் எழுதி, குலுக்கி, ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததும் இரண்டு கேள்வி: எது தொக்கி (மறைந்து) நிற்கிறது? விரித்தால் எப்படி வரும்? சுடுசோறு என்றால் சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு. காலம் மறைந்திருக்கிறது, வினைத்தொகை. மலர்க்கை என்றால் மலர் போன்ற கை. உவம உருபு மறைந்திருக்கிறது. மதுரை சென்றார் என்றால் மதுரைக்குச் சென்றார். நான்காம் வேற்றுமை உருபு. முறுக்கு மீசை வந்தார் என்று வந்தால் மீசையா வந்தது? மீசைக்காரர் வந்தார், சொல்லில் இல்லாத ஆள் வெளியே நிற்கிறார், அன்மொழித்தொகை. முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பாகும். அந்தத் தடுமாற்றம்தான் பாடத்தை உள்ளே இறக்குகிறது.

தனி வட்டியையும் கூட்டு வட்டியையும் இப்படியே கலந்து போடுங்கள். 10,000 ரூபாய், 10 விழுக்காடு, 2 வருடம். தனி வட்டி 2,000, கூட்டு வட்டி 2,100, வித்தியாசம் 100. இந்த மூன்றில் எதைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு. கலந்து கற்பது பற்றி கார்னெலும் பியோர்க்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஓவியர்களின் பாணியைக் கற்பித்தார்கள். பெரும்பாலோர் கலந்து பார்த்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள், ஆனாலும் ஒருவருடையதை வரிசையாகப் பார்த்ததே தங்களுக்கு உதவியது என்று நம்பினார்கள். படிக்கும்போது எது எளிதாகத் தோன்றுகிறதோ அதை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

படி 4: உங்கள் சுபாவத்துக்கு ஏற்ப ஏற்பாட்டை மாற்றுங்கள்

*ஆரம்பிக்கவே முடியாதவர்களுக்கு*

ஒழுங்குணர்வு குறைந்தவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. நான் பார்த்த வரையில் இவர்களில் பலர் வேகமாகப் புரிந்துகொள்கிறவர்கள். பத்து மணி நேரத் திட்டம் போட்டு, முதல் மணி தவறியதும் அன்றைய நாளையே கைவிடுகிறவர்கள். "நாளையிலிருந்து" என்பது இவர்களுடைய சொல்.

இவர்களுக்கு மன உறுதி பற்றிய பேச்சு வேண்டாம். முடிவெடுக்கும் வேலையைக் குறைக்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறைய ஆராய்ந்த ஒரு வழி இருக்கிறது: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவிடுவது. "காலையில் படிப்பேன்" என்பது பிடிமானம் இல்லாதது. "டீ டம்ளரைக் கழுவி வைத்ததும், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நேற்று எழுதிய ஐந்து கேள்விக்கு விடை எழுதுவேன்" என்பது பிடித்துக்கொள்ளும். எது முடிந்ததும், எங்கே, எது என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஐந்து கேள்வி என்று சிறிதாக வைத்ததும் வேண்டுமென்றேதான். ஐந்து முடித்தவர் பெரும்பாலும் எழுந்து போக மாட்டார். போனாலும் ஐந்து முடிந்தது.

போனை வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது. நூலகம் எட்டும் தூரத்தில் இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் போட்டித் தேர்வுக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சுற்றி இருக்கும் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்தால், ஆரம்பிக்கும் வேலையைப் பாதி அந்த இடமே செய்துவிடும்.

*நோட்ஸ் அழகாக எடுக்கிறவர்களுக்கு*

ஒழுங்கு மிகுந்தவர்கள் தோற்பதைப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். காலை 4.30-க்கு எழுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நான்கு நிறப் பேனாவில் நோட்ஸ். தலைப்புக்குச் சிவப்பு, ஆண்டுக்குப் பச்சை. எட்டு மாதம் கழித்து "நோட்ஸ் முடிந்ததும் கேள்வி போடலாம்" என்கிறார்கள். டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் அடித்தட்டில் வந்தன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விடுவதும் மேலே வந்தன.

இவர்களிடம் ஒழுங்கைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். அந்த ஒழுங்கை எண்ணும் அளவுகோலை மாற்றினால் போதும். "இன்று எத்தனை பக்கம்" என்று எழுதும் இடத்தில் "இன்று எத்தனை கேள்விக்குப் புத்தகம் பார்க்காமல் விடை எழுதினேன்" என்று எழுதுங்கள். நோட்ஸ் ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம், அதுவும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதியது. விட்டுப்போனதை மட்டும் அப்புறம் வேறு நிறத்தில் சேருங்கள். அந்த நிறம்தான் நீங்கள் மறுநாள் பார்க்க வேண்டியது. பிடித்த பேனாக்களுக்கும் வேலை கிடைக்கிறது.

எண்பது விழுக்காடு தெரிந்ததும் அடுத்த பாடத்துக்குப் போகப் பழகுங்கள். இது இவர்களுக்கு மிகவும் வலிக்கும். மிச்சம் இருபது, திரும்பப் பார்க்கும் சுற்றுகளில் வந்து சேரும்.

*பேசினால்தான் படிப்பு ஏறுகிறவர்களும், சத்தம் ஆகாதவர்களும்*

கலகலப்பானவரைத் தனி அறையில் பூட்டி வைத்தால் வாடிப்போவார். அவருக்கு நான்கு பேர் கொண்ட குழு நல்லது. ஆனால் குழுவில் ஒரு பொறி இருக்கிறது: நண்பர் விடை சொல்லும்போது நமக்கும் தெரிந்தது போலவே தோன்றும். அதனால் ஒரு விதி வையுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் வாய் திறக்காமல் பதினைந்து கேள்விக்குத் தனித்தனியாக விடை எழுத வேண்டும். அப்புறம் பேச்சு. யார் தப்பாக எழுதினாரோ அவர்தான் சரியான விடையை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். தெரிந்தவர் விளக்கினால் தெரிந்தவருக்கே லாபம். டெலிகிராம் குழுக்களில் ஒரு நாளைக்கு நூறு பி.டி.எஃப். வந்து விழும். அதைச் சேர்ப்பதில் நேரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைதியானவருக்கு இதற்கு நேர் எதிர். ஃபர்னமும் பிராட்லியும் 1997-இல் செய்த ஆய்வில், பின்னணியில் பாட்டு ஒலித்தபோது படித்ததை நினைவுகூர்வதில் அமைதியான சுபாவக்காரர்களே அதிகம் பின்தங்கினார்கள். டி.வி. ஓடும் கூடத்தில் படிக்கச் சொல்லிவிட்டு "கவனம் இல்லை" என்று இவர்களைக் குறை சொல்லக் கூடாது. வீட்டில் அறை இல்லையென்றால் நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலை, அல்லது எல்லோரும் படுத்த பிறகு. இவர்கள் தடுக்கி விழும் இடம் சந்தேகம் கேட்காமல் விடுவது. ஒரு கணக்கு புரியாவிட்டால் இரண்டு மாதம் மனதிலேயே வைத்திருப்பார்கள். சந்தேகங்களை ஒரு தாளில் சேர்த்து, வாரத்துக்கு ஒரு நாள், நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம் கேட்கலாம்.

*மறுக்கத் தெரியாதவர்களுக்கு*

திருமணமாகி, குழந்தை வைத்துக்கொண்டு குரூப் 4 எழுதும் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் இணக்கமான சுபாவக்காரர்களுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. "எல்லா வேலையும் முடித்துவிட்டுப் படிக்கிறேன்" என்பார்கள். வீட்டில் எல்லா வேலையும் என்றைக்கு முடிந்திருக்கிறது? நாள் முழுதும் கேட்டுப் போராட வேண்டாம். ஒரு மணி நேரம், தினமும் ஒரே நேரம், வீட்டார் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்ட நேரம். "மாமா, ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் பாப்பாவை நீங்க பார்த்துக்கோங்க, தேர்வு வரைக்கும்" என்று நாளும் முடிவும் வைத்துக் கேட்டால் மறுப்பது கடினம். மிச்ச நேரத்துக்கு அட்டைகள். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பிரபலப்படுத்திய முறை அது: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, தெரிந்தது பின் பெட்டிக்கு, தெரியாதது முன் பெட்டிக்கு. குக்கர் விசில் வருவதற்குள் ஆறேழு அட்டை பார்த்துவிடலாம்.

*ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறவர்களுக்கு*

வேலு நாச்சியார் 1780-இல் சிவகங்கையை மீட்டார் என்று புத்தகத்தில் ஒரு வரி. புதுமை நாட்டம் உள்ளவர் அங்கிருந்து விருப்பாச்சி, ஹைதர் அலி, குயிலி, மருது சகோதரர்கள் என்று போய்விடுவார். இது நல்ல குணம், அதைக் கொல்லக் கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பிறகு தேட வேண்டியவை" என்று எழுதி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவர், புத்தக வரியை அப்படியே மனப்பாடம் செய்கிறவர், கூற்று காரணம் வகைக் கேள்விகளில் மாட்டுவார். அவர் ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு வரி எழுதிப் பழகட்டும்.

*பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறவர்களுக்கு*

இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. படித்திருப்பார்கள், தெரியும், ஆனால் மாதிரித் தேர்வை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதுகிறேன்." மதிப்பெண்ணைப் பார்க்கும் பயம். தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பயம் வளரும்.

தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் மனக்கவலையை எழுதிவிட்டால் மதிப்பெண் கூடும் என்று 2011-இல் ராமிரெஸும் பைலாக்கும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இன்றும் பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்களில் முன்பு வந்த 21 ஆய்வுகளை வேறு குழுக்கள் திரும்பச் செய்து 2018-இல் வெளியிட்டபோது, இது நிற்கவில்லை. அதே பட்டியலில் இருந்த, நினைவிலிருந்து எடுத்துப் பயிற்சி செய்வது பற்றிய கார்ப்பிக்கியின் இன்னொரு ஆய்வு நின்றது. எழுதினால் மனம் லேசாகும் என்றால் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள்.

பயம் பழக்கத்தால்தான் குறையும். சிறிதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் 10 கேள்வி, கடிகாரம் இல்லாமல், மதிப்பெண் யாருக்கும் காட்டாமல். அடுத்த வாரம் 25 கேள்வி, கடிகாரத்தோடு. பிறகு 50. பிறகு 100. கடைசி இரண்டு மாதம், வாரம் ஒரு முறை முழுத் தேர்வு, காலை 9.30 முதல் 12.30 வரை. நிஜத் தேர்வு நடக்கும் அதே நேரம், ஓ.எம்.ஆர். தாள், கருப்பு மைப் பேனா, இடையில் எழுந்திருக்காமல். நிஜத் தேர்வு நாள் உடம்புக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்க வேண்டும்.

தேர்வு அறைக்கு ஒரு ஒழுங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். முதல் சுற்றில் கண்ணில் பட்டதும் தெரிகிற கேள்விகள் மட்டும். ஒரு கேள்வியில் நின்றுவிட்டால் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நகர வேண்டும். கை நடுங்கினால் பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், நான்கைந்து முறை. இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தால் அது படிப்பு முறையால் தீருகிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

படி 5: தப்பான விடைகளைப் பிரித்துப் பாருங்கள்

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். ப என்றால் படிக்கவே இல்லை. ம என்றால் படித்தேன், மறந்துவிட்டேன். கு என்றால் இரண்டு விடைகளுக்கு இடையில் குழம்பினேன். அ என்றால் அவசரத்தில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று படித்துவிட்டேன்.

ப அதிகம் என்றால் ஆரம்பிக்கும் ஏற்பாட்டுக்குப் போங்கள். ம அதிகம் என்றால் வாசிப்பைக் குறைத்து மூடிய புத்தகப் பயிற்சியைக் கூட்டுங்கள், அழகு நோட்ஸ்காரர்களுக்கு இதுதான் வரும். கு என்றால் கலந்து பயிற்சி. அ என்றால் கேள்வியில் "தவறான", "பொருந்தாத", "அல்லாத" போன்ற சொற்களின் கீழ் கோடு போட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது என்று பழக வேண்டும். இந்தக் கணக்கை மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். எழுத்துகளின் விகிதம் மாறாவிட்டால் நீங்கள் சரியான சுபாவத்தைப் பிடிக்கவில்லை, இரண்டாவது நோட்டு வாரம் ஒன்று வைத்துப் பாருங்கள்.

படி 6: வீட்டில் ஒருவர் படிக்கிறார் என்றால்

அண்ணன், அப்பா, கணவர், மனைவி யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். "எவ்வளவு நேரம் படித்தாய்" என்று கேட்காதீர்கள். பதற்றக்காரருக்கு அது சுமை, நோட்ஸ்காரருக்கு அது தவறான பாராட்டு. அட்டைக் கட்டைக் கையில் வாங்கி, "சரி, நான் கேட்கிறேன், நீ சொல்லு" என்று பத்து நிமிடம் உட்காருங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விடை பின்பக்கம் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் அட்டையை முன் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் நோட்டு வாரத்தை விட்டுவிடலாம். பழைய வினாத்தாள் ஒன்றை இந்த ஞாயிறு 9.30-க்கு எழுதி, தப்புகளுக்கு நான்கு எழுத்தும் போடுங்கள். எந்த எழுத்து அதிகமோ அதற்கான ஏற்பாட்டை மட்டும் திங்களிலிருந்து செய்யுங்கள். தமிழ் 100-இல் 40-க்குக் கீழே சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு முதலில் தமிழ்.